குடிக்காமல் கடத்திய பாத்திரம்

என் கணவர் கொர்னேலியுஸைப் பற்றி நான் ஆயிரம் குறை சொல்வேன். ஆனால் வேதம் படிக்காதவர் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. காலையில் மாட்டுக்குத் தீவனம் வைப்பதற்கு முன் ஓர் அதிகாரம், இரவு படுக்கப் போவதற்கு முன் ஓர் அதிகாரம். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்து, கஷாயம் குடித்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். இதற்கு நற்செய்தி என்றுதானே பெயர், உங்கள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று நான் கேட்பேன். அவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

அவர் எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஜெபவீட்டில் அவர் பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். கனத்த கீழ்க்குரல். ஆண்கள் பக்கத்து இரண்டாவது பெஞ்சு முழுக்கக் கீழ்க்குரல்காரர்கள்தான். அதன் நடுவில் என் கணவரும் டீட்ரிக் பென்னரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒரே வருஷம் பிறந்தவர்கள், ஒரே நாளில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள், வாய்க்காலுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் வீடு கட்டிக்கொண்டவர்கள். பாட்டு முடிந்ததும் அவர்கள் முகத்தைப் பெண்கள் பக்கத்திலிருந்து நானும் டீட்ரிக்கின் மனைவி யுஸ்டீனாவும் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். வாரம் முழுக்கக் கூட்டுப்பண்ணையில் முதுகொடிந்த ஆட்களா இவர்கள் என்று இருக்கும். அப்படி ஒரு சந்தோஷம் அது. வெளியில் வந்து உருளைக்கிழங்கு விலை பேச ஆரம்பித்த பிறகும் முகத்தை விட்டுப் போகாது. அடுத்த ஞாயிறு வரை வீட்டில் அது புழங்கிக்கொண்டிருக்கும். நான் திட்டினால்கூட அவர் சிரிப்பார்.

அத்தனையையும் ஒரு மடைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. எங்கள் தோட்டத்துக்கும் பென்னர் தோட்டத்துக்கும் ஒரே வாய்க்கால்தான். முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். முறை பார்க்கிறவர் அசன்குல், மேட்டுத்தெருக் கிர்கிஸ்காரர். நாங்கள் அவர்கள் நாட்டில் பாட்டன் காலத்தில் குடியேறிய ஜெர்மன்காரர்கள். அந்தக் கோடையில் மலையில் பனியே சரியாக இல்லை, தலாஸ் ஆறு ஓடை மாதிரி ஆகிவிட்டது. எங்கள் முறைக்கு என் கணவர் மண்வெட்டியோடு போய்ப் பார்த்தால் எங்கள் கிழங்குச் செடி வாடி நிற்கிறது, மடை அடைத்துக் கிடக்கிறது, பென்னர் தோட்டத்தில் தண்ணீர் பளபளவென்று நிற்கிறது. வாய்க்கால் கரையில் அசன்குலோடு நாலைந்து பேர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் என் கணவர் டீட்ரிக்கைத் திருடன் என்று சொல்லிவிட்டார். இந்த வாயை வைத்துக்கொண்டா கர்த்தரைப் பாடுகிறாய் என்று டீட்ரிக் கேட்டுவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அடிதடி இல்லை, ரத்தம் இல்லை. எங்கள் கடைசி மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அவள் பிள்ளை தவழ்கிறது. நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீட்ரிக் அதே பெஞ்சில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். என் கணவர் நடைபாதையோரம் உட்கார்ந்தார். நடுவில் மற்ற கீழ்க்குரல்காரர்கள் எல்லாரும். அன்றிலிருந்து என் கணவர் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். கண்ணாடி அதிரவில்லை.

எங்கள் சபையில், அப்பமும் திராட்சரசப் பாத்திரமும் பகிர்கிற இராப்போஜனம் விளையாட்டுக் காரியம் இல்லை. மனதில் ஒருவன்மேல் கசப்பை வைத்துக்கொண்டு அந்தப் பாத்திரத்தில் வாய் வைத்தால் ஆக்கினையைக் குடிக்கிறோம் என்பது பால் குடிக்கிற வயதிலேயே எங்களுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் இராப்போஜனத்துக்கு முந்தைய வாரத்தைச் சமாதான வாரம் என்போம். அந்த வாரத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவோம். கதவைத் தட்டி, நமக்குள் சமாதானமா என்று கேட்போம். சமாதானம் என்றால் ஒரு தேநீர். இல்லையென்றால் பேசித் தீர்த்துவிட்டு ஒரு தேநீர். அப்படியும் தீராதவன், ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கைக்கு வரும்போது குடிக்காமல் அடுத்தவன் கைக்குக் கடத்திவிட வேண்டும். அதை யாரும் பார்க்கக் கூடாது. பாத்திரம் சுற்றுகிற நேரம் எல்லாரும் கண்ணை மூடித் தலை குனிந்திருப்போம். எங்கள் மூப்பர் யான்சென் ஒவ்வொரு பெஞ்சுக்கும் பாத்திரத்தைப் புதிதாக நிரப்புவார், கர்த்தருக்குக் கஞ்சத்தனம் காட்டக்கூடாது என்று விளிம்பு தளும்பத்தான் ஊற்றுவார். ஜன்னலோரம் இருப்பவர் கையில் அதைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். குடித்தானா இல்லையா என்பது அவனுக்கும் கர்த்தருக்கும் உள்ள காரியம்.

அந்தச் சண்டைக்குப் பிறகு வந்த முதல் இராப்போஜனத்திலேயே என் கணவர் பாத்திரத்தைக் கடத்திவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னார். வெளியில் மூச்சு விடாதே என்றார். நான் விடவில்லை. புருஷன் மானம் என்று ஒன்று இருக்கிறதே. வேதத்தைத் திறந்து எனக்கு ஒரு வசனம் காட்டினார். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்று இருக்கிற இடம். அதன்படிதான் செய்கிறேன் என்றார். கீழ்ப்படிகிறவருக்கு நான் என்ன சொல்ல?

அதிலிருந்து ஒவ்வொரு சமாதான வாரமும் எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடக்கும். பூட்ஸுக்கு மெருகு போடுவார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்து மாட்டுவார். வாசல் கேட் வரைக்கும் போவார். அங்கே நின்று வாய்க்காலைப் பார்ப்பார். பிறகு கேட்டின் கீலுக்கு எண்ணெய் போட வந்தவர் மாதிரி அதை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுவார். ஊரிலேயே எண்ணெய் குறையாத கேட் எங்களுடையதுதான் என்று நான் சொல்லிக் காட்டுவேன்.

ஒருமுறை எனக்குப் பொறுக்கவில்லை. இன்னுமா அந்தக் கிழங்குச் செடிக்காகக் கோபம் என்று கேட்டுவிட்டேன்.

"கோபம் எப்பவோ போயிடுச்சு நேத்தா," என்றார். "கிழங்குச் செடிக்கு யாரு இத்தனை வருஷம் கோபப்படுவா? ஆனா அவன் ஞாயித்துக்கிழமை நிம்மதியா குடிக்கிறான் பாரு. என்னைப் பத்தி ஒரு நினைப்பும் இல்லாம குடிச்சிட்டு எழுந்து போறான். அதைத்தான் என்னால தாங்க முடியல. அவன்தானே மடையை அடைச்சான், அவன்தானே வரணும்?"

நானும் அதை நம்பினேன். நம்பி நம்பி யுஸ்டீனா மேலும் எனக்கு மனசு கசந்துவிட்டது. மடையை அடைத்தவன் பெண்டாட்டி, புருஷன் நிம்மதியாக விருந்தில் பங்கெடுக்கிறான், இவளுக்கு என்ன குறை என்று நினைப்பேன். கடையில் பார்த்தால் மாவு வந்திருக்கிறதா என்று கேட்பாள், வந்திருக்கிறது என்பேன். ஒரே பாத்தியில் நாற்று விட்டவர்கள் நாங்கள். எங்கள் பேச்சு மாவோடு நின்றது.

பிறகு ஜெர்மனிக்கு வழி திறந்தது. கூட்டுப்பண்ணை கலைந்தது, கூலி நின்றது, ஊரே மூட்டை கட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு இளவேனிலுக்கும் ஒவ்வொரு இலையுதிர் காலத்துக்கும் ஜெபவீட்டில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. போகிற குடும்பத்தை நிற்கவைத்து வழியனுப்புப் பாட்டுப் பாடுவோம். பாடுகிறவர்களின் குரல் வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டு போனது. எங்கள் மேல்குரல்காரிகள் எல்லாரும் போய்விட்டார்கள், கிழவிகளாகிய நாங்கள் எட்டாத சுரத்துக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தோம். எங்களுக்கும் மகள் மனு எழுதிப் போடுகிறேன் என்றாள். என் கணவர் வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. டீட்ரிக் இங்கே இருக்கும்வரை அவர் நகரமாட்டார் என்று எனக்குத் தெரியும். சேரவும் மாட்டார், விட்டுப் போகவும் மாட்டார். இப்படி ஒரு ஜென்மம்.

இரண்டாவது பெஞ்சும் காலியாகிக்கொண்டு வந்தது. எங்களில் ஒருவர் போனால் அவர் இடத்துக்கு இன்னொருவர் நகர்ந்து உட்காருகிற பழக்கம் இல்லை. அவரவர் இடம் அவரவருக்கு. அதனால் டீட்ரிக் ஜன்னலோரமே இருந்தார், என் கணவர் நடைபாதையோரமே இருந்தார், நடுவில் மரப்பலகைதான் நீண்டுகொண்டு போனது. கடைசியில் வீன்ஸ் கிழவர் ஒருவர் மிஞ்சினார். காது சுத்தமாகக் கேட்காது, பாட்டில் எப்போதும் ஒரு அடி பின்தங்குவார். பாத்திரம் வந்தால் டீட்ரிக்கிடமிருந்து அவர்தான் நகர்ந்து போய் வாங்கி, தேநீர் மாதிரி சத்தமாக உறிஞ்சி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, என் கணவரிடம் நகர்ந்து வந்து கொடுப்பார். இந்த இளவேனிலில் அவரும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அறுவடை முடிந்த சமயம் டீட்ரிக் வீட்டுக்கு அனுமதி வந்துவிட்டது. இராப்போஜன ஞாயிறு முடிந்து வருகிற வியாழக்கிழமை பஸ். யுஸ்டீனா வழிக்கு, ஒன்றன்மேல் ஒன்று வைத்த இரட்டைப் பன் சுட்டுக் காயவைக்கிற வாசனை வாய்க்காலைத் தாண்டி எங்கள் சமையலறைக்குள் வந்தது. அந்த வாசனை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். போகிறவர்களின் வாசனை.

சமாதான வாரம் அது. இந்த வாரம் விட்டால் இனி பூமியில் இந்த இரண்டு பேரும் முகம் பார்க்கப் போவதில்லை. பெரிய கடலா நடுவில் இருக்கிறது, ஒரு பலகையைப் போட்டால் தாண்டுகிற வாய்க்கால். வேதத்தை மூடி வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். போகாவிட்டால் சாகும்வரைக்கும் நீங்கள் அந்தப் பாத்திரத்தில் வாய் வைக்கப் போவதில்லை, அது உங்களுக்குத் தெரிகிறதா என்றேன். அழுதேகூடக் கேட்டேன். நான் அழுகிறவள் இல்லை.

அவர் போனார். பூட்ஸு பளபளக்க, கேட்டைத் தாண்டி, வாய்க்காலின்மேல் கிடக்கிற பலகை வரைக்கும் போனார். அங்கே அசன்குல் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்தவர் நின்றுவிட்டார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொர்னேய் அண்ணே," என்றார் அசன்குல், "இந்தத் தண்ணி எவ்வளவு ஆழம்? என் கழுதை தாண்டுது, நீங்க தாண்ட மாட்டேங்கிறீங்க. அங்கயும் ஒருத்தர் பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கிட்டு கேட்டைப் பிடிச்சபடியே நிக்கிறாரு."

என் கணவர் திரும்பி வந்துவிட்டார். பார்த்தாயா, ஜெர்மனிக்குப் போகிற பூட்ஸுக்கு இப்போதே மெருகு, இங்கே இருக்கிறவன் நினைப்பே இல்லை என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எனக்கு அன்று அவரை அடிக்கலாம் போல இருந்தது. ரொட்டி மாவைத்தான் அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய குடும்பத்துக் கல்யாணப் பந்திக்குக்கூடக் காணமாட்டோம். மூப்பர் யான்சென் அப்பத்தைப் பிட்டார், கொடுத்தார். பிறகு பாத்திரம். முதல் பெஞ்சு முடிந்தது. அவர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, மறுபடியும் தளும்பத் தளும்ப ஊற்றி, இரண்டாவது பெஞ்சில் ஜன்னலோரம் இருந்த டீட்ரிக் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக நான் மட்டும் மூடவில்லை. வியாழக்கிழமை போகப்போகிற ஆளின் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

அந்தப் பெஞ்சில் இப்போது அவர்கள் இரண்டே பேர். கடத்திக் கொடுக்க நடுவில் ஆள் இல்லை. டீட்ரிக் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காமல் அப்படியே பலகையில் நகர்ந்து நகர்ந்து வந்தார். பலகை கிரீச்சென்றது. திராட்சரசம் அவர் விரல்மேல் வழிந்து பலகையில் சொட்டியது. அவர்களுடைய பழைய இடம் வந்தது. அதற்குமேல் அவர் நகரவில்லை. என் கணவர்தான் நடைபாதையோரத்திலிருந்து நகர்ந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டு, பாத்திரத்தைத் திரும்ப வாங்க நடைபாதையில் நிற்கிற உதவிக்காரர் பக்கம் வழக்கம்போல நீட்டப் போனவர், கையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பாத்திரத்துக்குள் பார்த்தார்.

இராப்போஜன நேரத்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் சபையில் யாருமே கேட்டதில்லை.

"டீர்க்," என்றார் என் கணவர். "இது நிறைஞ்சிருக்கே."

டீட்ரிக் தரையைப் பார்த்தார்.

"நீ குடிக்கலையா?"

"நான் எப்படிடா குடிப்பேன்?"

"இன்னிக்கு மட்டுமா?"

"அந்த மடை நாள்லேர்ந்து," என்றார் டீட்ரிக். "நீ குடிச்சிட்டு நிம்மதியா இருக்க. எனக்கு அது வாய்க்கல."

"நானா? நான் ஒரு சொட்டு தொட்டதில்லடா."

அதற்குப் பிறகு அந்த ஜெபவீட்டில் கண்ணை மூடியிருந்தவர் ஒருவர்கூட இல்லை. பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது. பார்த்தால் யுஸ்டீனா. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அவள் எனக்கு இரண்டு இடம் தள்ளித்தான் இவ்வளவு காலமும் உட்கார்ந்திருந்தாள்.

"மடையை நான்தான் அடைச்சேன் கொர்னேய்," என்றார் டீட்ரிக். "முறை உன்னோடதுன்னு தெரிஞ்சேதான் அடைச்சேன். யுஸ்டீனாவோட நாத்தெல்லாம் கருகிக்கிட்டிருந்துச்சு. மறுநாளே வந்து சொல்லியிருக்கணும்."

"நாலு பேர் முன்னாடி உன்னைத் திருடன்னு சொன்னது நான்."

"திருடினவனைத்தானே சொன்ன."

என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. டீட்ரிக் பாத்திரத்தின் அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். எங்கள் சபையில் பாத்திரம் முன்னால்தான் போகும், வந்த வழியே ஒருநாளும் திரும்பாது. அன்று திரும்பியது. முதலில் நீ குடி என்று என் கணவர் அதை டீட்ரிக் வாய்ப்பக்கம் தள்ளினார். டீட்ரிக் குடித்தார். பிறகு என் கணவர் குடித்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிய மூப்பர் யான்சென், துணியும் கையுமாக, கன்னத்தில் தண்ணீர் வழிய அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்களிடம் இராப்போஜனம் முடிந்ததும் ஒருவர் காலை ஒருவர் கழுவுகிற முறை உண்டு. பெண்கள் பின்னறையில் கழுவினோம். நான் யுஸ்டீனாவின் காலைப் பிடித்தேன். வீங்கிப்போயிருந்தது. எத்தனை பன் சுட்டாளோ. அவர் குடிப்பதில்லை என்பதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது நேத்தா, புருஷனைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகுமே என்றாள். எனக்கும் அதேதான் என்றேன். ஒரு வார்த்தை. கடையில் மாவு வந்திருக்கிறது என்று சொன்னதற்குப் பதிலாக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். துண்டை எடுத்து அவள் காலைத் துடைத்துவிட்டேன்.

கடைசிப் பாட்டுக்கு எழுந்து நின்றோம். பாடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், மேல்குரலுக்கு ஆளே இல்லை. ஆனால் இரண்டாவது பெஞ்சின் நடுவிலிருந்து அந்தக் குரல் எழும்பியது பாருங்கள். இரண்டு கிழட்டுக் குரல்கள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் காதால் கேட்டேன். வேதத்தில் சந்தோஷம், சந்தோஷம் என்று எத்தனை இடத்தில் வருகிறது, நானும் தலையாட்டிக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் தெரிந்தது, அது தனியாக ஒரு அறையில் கண்ணாடி போட்டுப் படிப்பவனுக்கு எழுத்தாகத்தான் இருக்கும், பக்கத்தில் ஒருவன் தோள் இடித்தால்தான் குரலாகும் என்று. எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. அதே நெஞ்சில் அப்போதே ஒரு முள்ளும் ஏறிவிட்டது. இது இன்றைக்கு வந்து இறங்கியது இல்லை. இத்தனை வருஷமாக இது இங்கேயேதான் இருந்திருக்கிறது, அந்தப் பலகையின் நடுவில், யாரும் உட்காராமல்.

வியாழக்கிழமை பஸ் வந்தது. ஊரில் மிஞ்சியிருந்த எல்லாரும் வந்திருந்தார்கள், அசன்குல் கழுதையோடு வந்திருந்தார். இரண்டு பேரும் பஸ்ஸின் படிக்கட்டருகே நின்றார்கள். இத்தனை வருஷம் பேசாததை மூன்று நாளில் பேசித் தீர்த்துவிட முடியுமா? அங்கே ஜெபவீட்டில் பக்கத்தில் யார் வந்து உட்காரப்போகிறானோ என்றார் டீட்ரிக்.

"எவனா இருந்தாலும் சண்டை வரும்," என்றார் என் கணவர். "வந்தா அன்னிக்குச் சாயங்காலமே போயிடு. பூட்ஸெல்லாம் போட்டுக்கிட்டு நிக்காத. வெறுங்காலோடயே போயிடு."

டீட்ரிக் தலையாட்டினார். ஏறினார். பஸ் போனபிறகும் என் கணவர் புழுதி அடங்கும்வரை நின்றுவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வேதத்தை எடுத்து, அந்த வசனத்தைத் திறந்து, என் முன்னால் தள்ளினார். படி என்றார். எனக்குத் தெரியும், நீங்கள்தானே காட்டினீர்கள் என்றேன். முழுக்கப் படி என்றார். படித்தேன். காணிக்கையை அங்கே விட்டுவிடு என்பதோடு அது நிற்கவில்லை. விட்டுவிட்டு, முதலில் போய், உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று அடுத்த மூச்சிலேயே இருந்தது. எப்போதும் இருந்ததுதான்.

"விடுன்னு இருக்கு, போன்னும் இருக்கு," என்றார். "நான் விட்டேன். அதையே பெரிய கீழ்ப்படிதலா நினைச்சு வருஷக்கணக்கா உக்காந்துட்டேன். போகல நேத்தா. பாதி வசனத்துக்குத்தான் கீழ்ப்படிஞ்சிருக்கேன்."



இப்போது அவர் பெஞ்சின் நடுவில் உட்காருகிறார். தனியாகத்தான். ஆனாலும் முணுமுணுப்பதில்லை, முழுக் குரலில் பாடுகிறார், பாட்டு முடிந்ததும் அந்தப் பழைய முகம் திரும்ப வருகிறது, திங்கட்கிழமையும் இருக்கிறது, செவ்வாய்க்கிழமையும் இருக்கிறது. வேதம் படித்துவிட்டுக் கஷாயம் குடித்த மாதிரி உட்காருவதில்லை. ஜெர்மனியிலிருந்து டீட்ரிக் போன் பண்ணினார், அங்கேயும் பாத்திரத்தில் வாய் வைத்தாராம். சந்தோஷம் நிலைத்துவிட்டது, அதில் பொய் சொல்லமாட்டேன். ஆனால் பாடும்போது அவர் தோள் தன்னையறியாமல் இடதுபக்கம் சாயும். அங்கே இடிக்க ஒன்றுமில்லை.

போன மாதம் மறுபடியும் சமாதான வாரம் வந்தது. எழுந்தவர் பூட்ஸைத் தொடவில்லை. வீட்டுச் செருப்போடு, அழுக்குச் சட்டையோடு கேட்டைத் திறந்துகொண்டு போனார். எங்கே போகிறீர்கள், உங்களுக்குத்தான் ஊரில் யாரோடும் சண்டையில்லையே என்று கத்தினேன். பலகையைத் தாண்டினார். பென்னர் வீட்டுக் கேட்டுக்குப் போனார். அந்த வீட்டை இப்போது அசன்குலின் மகன் வாங்கியிருக்கிறான். கிர்கிஸ்காரப் பையனிடம் போய் என்னத்தைக் கேட்கப்போகிறார் இந்த மனுஷர் என்று நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். தேநீர் கொடுத்தார்களாம், வெண்ணெயும் ரொட்டியும் வைத்தார்களாம், நமக்குள் சமாதானமா என்று கேட்டதற்கு அந்த வீட்டு மருமகள் சிரித்துக்கொண்டே சமாதானம்தான் தாத்தா என்றாளாம். சொல்லிக்கொண்டே வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"தட்டினதுமே திறந்துட்டாங்க நேத்தா," என்றார்.